குளிர் தாங்காதவன் வேண்டாமென்ற அடுப்பு

ரேவால் நகரம், 1472 பிப்ரவரி. காலை எட்டு மணிக்கு வணிகர் கொசர்ட் பெட்டியைத் திறந்தார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த அம்பர் மாலையைக் காணோம்.

அறைக்கு ஒரே கதவு. ஜன்னலில் கம்பி. ஏழு மணிக்கு அவர் பார்த்தபோது மாலை பெட்டியில் இருந்தது. அதன்பின் உள்ளே போனவர்கள் இருவர்: பெருக்க வந்த வேலைக்காரி மாட்லி, கடிதம் எழுத வந்த எழுத்தர் எவர்ட். ஆளுக்குச் சற்று நேரம் தனியாக இருந்தார்கள். அங்கிருந்து யார் வெளியே வந்தாலும் கொசர்ட் உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் விடுவார், அப்படியொரு மனிதர். இருவரிடமும் ஒன்றுமில்லை.

பழி மட்டும் மாட்லி மேல் விழுந்தது. ஏழை சொல் எங்கே அம்பலம் ஏறியது? இனி சந்தையில் சாட்டையடி கிடைக்கும். பிறகு எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது.

எட்டரைக்கு நகர்மன்ற விசாரணை அதிகாரி லாம்பெர்ட் வந்தார். அறைக் குளிரில் பேசினால் வாயில் புகை வந்தது. தரையில் இரும்பு மூடி போட்ட நாலு துளைகள். கீழே நிலவறை அடுப்பு. அதன் மேல் கற்குவியல். கல் சூடேறியதும் மூடியைத் திறந்தால் அறை கதகதப்பாகும். இன்று ஏன் மூட்டவில்லை என்று கேட்டார்.

"எவர்ட் ஐயாதான் விறகு வீணுன்னாரு. தெனமும் குளிருதுன்னு என் உயிரை வாங்குறவரு," என்றாள் மாட்லி.

"இப்ப மூட்டும்மா. விறைச்ச மூளை வேலை செய்யாது."

அவள் உடனே ஓடினாள். கீழே விறகு விழும் சத்தம் கேட்டது. அந்தக் குளிரிலும் எவர்ட்டின் நெற்றி வியர்த்தது.

"மூட்ட வேணாம்னு சொல்லுங்க. எரிஞ்சுடும்."

"எதுடா எரியும்?" என்றார் கொசர்ட்.

எவர்ட்டின் பார்வை மூன்றாவது மூடிக்கு ஓடியது.

லாம்பெர்ட் கீழே குரல் கொடுத்து அடுப்பை நிறுத்தினார். மூன்றாவது மூடியைத் தூக்கிக் கையை விட்டார். கரி படிந்த மாலை வந்தது.

"திருடன் இவன்தான். மாலை இந்த அறையை விட்டுப் போகவே இல்லை. கல்லு மேல போட்டுட்டு அப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்திருக்கான். அம்பர் பிசின்தானே, சூடு பட்டா பத்திக்கும். குளிர் தாங்காதவன் அடுப்பு வேணாம்னான், அதை நீங்க யாரும் கவனிக்கலை. அந்தப் பொண்ணு எடுத்திருந்தா மூட்ட இப்படி ஓடுவாளா?"

எவர்ட்டைக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். மேலே வந்த மாட்லிக்கு நடந்தது புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொசர்ட் ஏதோ மன்னிப்பு முணுமுணுத்து, வேலையைப் பார்க்கச் சொன்னார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலை அப்புறம் எசமான். திருட்டுப் பழின்னு கேட்டு ஓடி வந்த எங்கம்மா வெளியில பனியில நிக்குது. முதல்ல அதுகிட்ட சொல்லிட்டு வரேன்."