வெண்கட்டி எடுக்கப் போன யோகா

ஒரே வாரத்தில் ஒரு வகுப்புக்கு, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி மூன்று முறை தீர்ந்துபோகுமா? மிஸஸ் ஹார்ட்லியின் ஐந்தாம் வகுப்பில் தீர்ந்தது. அதுவும் சரித்திர பாடத்தின் நடுவில்தான் தீர்ந்தது. மூன்று முறையும் அலுவலகத்துக்குப் போய் எடுத்துவந்தவள் யோகா.

அது 1975ஆம் ஆண்டு. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த அந்தப் பள்ளியில் ஒரே தமிழ்ப்பிள்ளை யோகாதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவளுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் புத்தகமுமாக அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் மிஸஸ் ஹார்ட்லி. அவர் கேட்டால் வெண்கட்டி என்ன, மலையையே தூக்கி வருவாள் யோகா.

மூன்றாம் முறை போய்வந்த அன்றுதான் அந்த அதிசயம் நடந்தது. பென்சில் சீவிய தூளைக்கூட யாருக்கும் தராத கெவின், தன் கேக்கில் பாதியை அவளிடம் நீட்டினான். பந்து விளையாட்டில் அவள் கோட்டுக்கு வெளியே அடித்ததையும், "உள்ளேதான் விழுந்தது" என்றான். வழக்கமாக அதற்கு மணி அடிக்கும்வரை சண்டை பிடிப்பவன் அவன்!

"இவனுக்கு என்ன ஆயிற்று?" என்று சிநேகிதி எலேனியிடம் கேட்டாள் யோகா.

எலேனி தயங்கினாள். "நீ வெண்கட்டி எடுக்கப் போனபோது மிஸ் சொன்னார். முன்பெல்லாம் வெள்ளையர் அல்லாதவர்களை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். கப்பலில் வந்து இறங்கினால் சொல்வதெழுதல் வைப்பார்களாம். அதுவும் அவர்களுக்குத் தெரியாத மொழியாகப் பார்த்து! எழுதாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். உன்னைப் போன்றவர்களை..."

யோகாவின் முகம் சுண்டிப்போனது. தன்னைப் பற்றிய கதை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், தனக்கு மட்டும் தெரியவில்லையே! அதற்குப் பிறகு கேக் இனிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கும் சொல்வதெழுதல் வைச்சவையோ?"

"இல்லைப் பிள்ளை. நாங்கள் வாறதுக்குக் கனகாலம் முந்தியே அதை நிப்பாட்டிப் போட்டினம்." அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணம். "இது பிழை எண்டு இந்த நாட்டுச் சனத்திலயும் கன பேர் வாய் திறந்து சொன்னவை. அவையள் சொல்லாட்டி நாங்கள் இங்க இல்லை."

"எங்கட மிஸ்ஸும் சொல்லுறா. ஆனா என்னை வெளியில அனுப்பிப்போட்டுச் சொல்லுறா."

"ஏனெண்டு கேட்டனியோ?"

"நாளைக்குக் கேக்கப்போறன்."

மறுநாள் பாடம் தொடங்குமுன் யோகா ஆசிரியையின் மேசைக்குப் போனாள். "மிஸ், நான் எடுத்துவந்த வெண்கட்டி எல்லாம் பெட்டியில் அப்படியே இருக்கிறதே!"

மிஸஸ் ஹார்ட்லியின் முகம் சிவந்தது. "அந்தப் பாடத்தைக் கேட்டால் உன் மனம் நோகும் என்று பயந்தேன், யோகா."

"வெளியே போவதுதான் நோகிறது, மிஸ். இப்போது கெவின் என்னோடு சண்டையே பிடிப்பதில்லை."

ஆசிரியை வெண்கட்டிப் பெட்டியை மூடி வைத்தார். "என்னை மன்னித்துக்கொள். நான் இப்போது என்ன செய்யட்டும்?" என்றார்.

யோகாவிடம் யோசனை தயாராக இருந்தது.

பத்தாவது நிமிடம் வகுப்பில் மற்ற முப்பது பேரும் கொப்பியும் பென்சிலுமாக வெளியே வரிசையில் நின்றார்கள். கடைசியில் மிஸஸ் ஹார்ட்லியும் நின்றார். யோகா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்வதெழுதல்! சரியாக எழுதுபவர்கள் உள்ளே வரலாம்" என்றவள், தமிழில் சொல்லத் தொடங்கினாள். "இன்று மழை பெய்கிறது. நான் குடை கொண்டு வரவில்லை."

ஒருவரும் எழுதவில்லை. கெவின் ஒரு நத்தையை வரைந்தான்.

"இது அநியாயம்! எனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டே கேட்கிறாய்! என் சாப்பாடு உள்ளே இருக்கிறது!" என்று கத்தினான்.

"யாரும் தேறவில்லை. எல்லோரும் கப்பலுக்குத் திரும்புங்கள்!" யோகா கதவைச் சாத்தினாள்.

அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் திகைத்து நின்றார். "ஏன் எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள்?"

"பெயிலாகிவிட்டோம், சார்" என்றார் மிஸஸ் ஹார்ட்லி.

உள்ளே, காலி மேசை கதிரைகளுக்கு நடுவில் யோகா தனியாக நின்றாள். இது வேடிக்கையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டுமே கேட்டது. ஒரு நிமிடம்கூட அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"வாருங்கள். எல்லோரும் வாருங்கள்!"

யாரும் சிரிக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கெவின் மெல்லக் கேட்டான். "கப்பலில் வந்தவர்களுக்கு யாரும் கதவைத் திறக்கவில்லையா, மிஸ்?"

"நெடுங்காலம் திறக்கவில்லை" என்றார் ஆசிரியை. பிறகு முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னார். முன்வரிசையில் இருந்து யோகா ஒரு சொல் விடாமல் கேட்டாள். சில இடங்களில் வலித்தது. ஆனாலும் பக்கத்தில் எலேனி இருந்தாள்.

மணி அடித்ததும், "நன்றி, மிஸ்" என்றாள் யோகா.

"நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய்" என்று மிஸஸ் ஹார்ட்லி அவள் தோளைத் தட்டினார்.

இடைவேளையில் யோகா அடித்த பந்து கோட்டுக்கு ஒரு விரலளவு வெளியே விழுந்தது.

"அவுட்!" என்று கத்தினான் கெவின். மணி அடிக்கும்வரை இருவரும் சண்டை பிடித்தார்கள். யோகாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அடுத்த வாரம், கப்பல்களுக்கெல்லாம் முன்பே இந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடி மக்களின் நிலம் பறிபோன பாடம். அன்று உண்மையாகவே வெண்கட்டி தீர்ந்துவிட்டது.

"கெவின், போய் எடுத்து வருகிறாயா?"

"மாட்டேன், மிஸ்! நான் இல்லாதபோது எதையாவது சொல்லிவிடுவீர்கள்!"

எலேனியும் தலையாட்டி மறுத்தாள். யோகாவோ கதிரையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மிஸஸ் ஹார்ட்லி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, வெண்கட்டி எடுத்துவரத் தாமே எழுந்து போனார்.