முதல் பொன்னாடை

மாலை ஐந்து மணி. கனடாவின் ஸ்காபரோவில் எம்.பி. ஜெயரட்ணத்தின் அலுவலகத்திலிருந்த மடிக்கணினியைக் காணவில்லை!

உதவி கேட்டு வந்த அகதிக் குடும்பங்களின் அந்தரங்கமெல்லாம் அதற்குள்தான். வெளியே கசிந்தால் அவர்கள் கதி அதோகதி, இவர் அரசியலும் முடிந்தது. ஏழு மணிக்கோ தேர்தல் கூட்டம்! மாகாணச் சட்டமன்றத்துக்கு இரண்டு முறை, ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு ஒரு முறை வென்ற மனிதருக்குக் கைகால் ஓடவில்லை.

உள்ளறைப் பூட்டு உடைபடவில்லை. சாவி உதவியாளர் செலீனிடம்.

"நான் எடுக்கேல்லை அங்கிள்!"

"அப்ப ஆர் எடுத்தது? பொலிசைக் கூப்பிடப்போறன்."

"ஏழு மணி மட்டும் பொறுங்கோ அண்ணை," என்றார் கோணேஸ்வரி. பொலிஸில் துப்பறிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர், ஜெயரட்ணத்தின் அயலவர். சிக்கல் என்றால் இவருக்குக் கலியாணவீட்டுச் சந்தோஷம்.

"வேற என்ன காணேல்லை?"

செலீன் அலுமாரியைத் திறந்தாள். மேடைகளில் வாங்கிய பொன்னாடைகள் குவிந்து கிடந்தன.

"பச்சை ஒண்டு குறையுது அன்ரி. போன மாசம் குத்துவிளக்கு ஏத்தேக்க நெருப்புப் பட்டு, கரையில ஓட்டை."

"கணினியைச் சுத்திக்கொண்டு போயிருக்கினம். உங்கட ஒஃபிஸ் எப்ப துவங்கினது?"

"அங்கிள் மாகாணத்தில இருந்த காலம் துவங்கி இதே இடம்தான். ஒட்டாவாவுக்குப் போகேக்க வாசல் பலகையைத்தான் மாத்தினவை."

கோணேஸ்வரியின் கண் மின்னியது.

மாலை ஏழு மணி. மண்டபம் நிறைந்து வழிந்தது. முதலில் மேடையேறியவர் அலெக்ஸாண்டர். மாகாணத் தேர்தல்களில் ஜெயரட்ணத்தின் பிரசாரத்தை ஓடியாடி நடத்தியவர். ஜெயரட்ணத்துக்குப் பச்சைப் பொன்னாடையை உதறிப் போர்த்தினார்.

"அண்ணைக்கெண்டு இப்பதான் கடையில வாங்கினனான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த கோணேஸ்வரி எழுந்தே விட்டார். இருவரையும் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"அலெக்ஸ், கடையில ஓட்டையோட விக்கினமோ?"

கரையில், கருகிய கடலையளவு ஓட்டை!

"ஒருத்தருக்குப் போட்டதை மடிச்சு மற்றவருக்குப் போடுறது எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிற வேலைதான். நீயும் அந்தப் பழக்கத்தில கணினியைச் சுத்தினதையே மடிச்சுக் கொண்டுவந்திட்டாய், ஓட்டையைக் கவனிக்கேல்லை. அண்ணை, பலகையை மாத்தினியள். பூட்டை?"

ஜெயரட்ணம் திகைத்தார். "மாத்தேல்லை."

"அப்ப மாகாணக் காலத்துச் சாவி இன்னும் இவனிட்ட இருக்கு."

அலெக்ஸாண்டரின் கை தன்னையறியாமல் பொக்கற்றைத் தொட்டது.

"நீங்கள் ஒட்டாவா போனா மாகாணத் தொகுதி எனக்கெண்டு சொன்னியள் அண்ணை. வேற ஆளுக்குக் குடுத்தியள். இந்தப் பிரச்சினையால நீங்கள் விலகினாலாவது இந்தமுறை உங்கட இடம் எனக்கு..." சாவியை எடுத்து நீட்டினார். "கணினி கார் டிக்கியில கிடக்கு. நான் திறக்கேல்லை."

"சொன்னது உண்மைதான்," என்றார் ஜெயரட்ணம் மெதுவாக. அவருக்கு வெட்கமாக இருந்தது. "அதை என்னட்டக் கேட்டிருக்கலாம். பழியைச் செலீன்ர தலையில ஏன் போட்டனி?"

கேட்டபிறகுதான் உறைத்தது, அவள் தலையில் முதலில் போட்டது தானேதான் என்று.

மேடைக்குத் திரும்பி மைக்கைப் பிடித்தார். "இண்டைக்கு ஒரு பிள்ளையைக் கள்ளி எண்டு நினைச்சிட்டன். செலீன், மன்னிச்சுக்கொள்ளம்மா."

சபை எழுந்து நின்று தட்டியது. செலீன் மேடையேறி வந்தாள். ஜெயரட்ணத்தின் கையில் வேறு பொன்னாடை இல்லை. ஓட்டைப் பொன்னாடையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார். அவளுக்குக் கிடைத்த முதல் பொன்னாடை அது.

செலீன் அழுதுகொண்டே சிரித்தாள். "நாளைக்கு முதல் வேலை பூட்டு மாத்திறது அங்கிள்!"