அடிக்க அடிக்க வந்த வரி

மூன்றாவது முறையாக அதே வரியைக் கோடு போட்டு அடித்து அனுப்பியிருக்கிறான், அந்த மகானுபாவன்...

மழையில் பாதி நனைந்து அச்சகத்துக்குள் நுழைந்த டீச்சருக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அவள் வேலை பார்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலை, சரித்திர டீச்சர் என்ற ஒரே பாவத்துக்காக அவள் தலையில் விழுந்தது. அச்சகத்திலிருந்து புரூஃப் வரும்போதெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் ஏதாவது திருத்தம் இருக்கும். 'பள்ளி மணி இரும்பு அல்ல, பித்தளை.' அதெல்லாம் சரி, திருத்திக்கொண்டாள். ஆனால் இந்த வரி, அங்கே ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா சொல்லி எழுதியது. 'இப்பள்ளியிலிருந்து ஒரு மாணவர்கூட நீக்கப்பட்டதில்லை.'

உள்ளே ஒருவன் காகிதக் கட்டுகளை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இங்க புரூஃப் பார்க்கிறவர் எங்கங்க?"

"எதுக்குங்க?"

"நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும். எங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி என்னைவிட அவருக்குத் தெரியுமா?"

"அவ்வளவா தெரியாது... பத்தாவது பாதி வரைக்கும்தான் அங்க படிச்சேன்."

ஐயோ, புரூஃப் பார்க்கிறவன் இவனா... கண்ணாடிக்குப் பின்னால், சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் கண்கள். திட்ட வந்ததில் பாதி மறந்துபோயிற்று. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"நீக்கப்பட்டவன் நான்தான் டீச்சர். ஆய்வுக்கு வந்த அதிகாரி லேப் பத்திக் கேட்டார். மூணு வருஷமா பூட்டியிருக்குன்னு சொல்லிட்டேன். மறுநாள் டி.சி. கையில."

"இதை ஓரத்துல எழுதியிருக்கலாமே?"

"நீங்க ஹெட்மாஸ்டர் மகள்னு தெரியும். உங்க அப்பா கொடுத்த டி.சி.ன்னு எப்படி எழுதறது..."

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது அப்பா பேப்பரைக் கீழே வைக்கவில்லை. "அதைப் போட்டா நான் விழாவுக்கு வரமாட்டேன்."

"அப்போ வராதீங்கப்பா." சொல்லிவிட்டாள். விழாவில் முதல் பிரதி வாங்க வேண்டியவரே அவர்தான்.

மறுநாள் காலையில் அப்பாதான் வாய் திறந்தார். "லேப் சாவி என் மேஜையிலதான் இருந்துச்சு. எதாவது உடைஞ்சா நான் பதில் சொல்லணுமேன்னு பயம். அந்தப் பையன் பொய் சொல்லலை... எழுதிக்க."

அச்சகத்தில் புதிய வரியை அவன் முன் வைத்தாள். 'உண்மை சொன்னதற்காக ஒரு மாணவர் நீக்கப்பட்டார். அது பள்ளியின் தவறு.' இரண்டு தடவை படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சரியா இருக்கு டீச்சர். இனிமே நீங்க அலைய வேண்டாம்."

அலைய வேண்டாமாம். இந்த மனுஷனை என்ன செய்வது...

"அன்னிக்குப் போன்லயே திட்டியிருக்கலாம். நனைஞ்சுக்கிட்டு எதுக்கு வந்தேன்? ரெண்டு மாசமா நான் எழுதினதை நான் படிக்கலை. ஓரத்துல நீங்க எழுதினதைத்தான் தேடித் தேடிப் படிச்சேன். உங்களைப் பிடிச்சுத் தொலைச்சிருக்கு, போதுமா?"

அவன் காதுவரை சிவந்துபோனான். "எனக்கும்தான்... ஆனா உங்க அப்பா?"

"வெளியில நிக்கறார். உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். உள்ள வர வெக்கம்."

அவன் அவசரமாக எழுந்து வாசலுக்கு நடந்தான். பாதியில் நின்று திரும்பினான்.

"அவர் கேட்டு முடிச்சதும் நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"என்ன?"

"உங்களை."

"கேட்டுத் தொலைங்க" என்றாள் டீச்சர்.