இதயம் எந்தச் சாடியில்?

அந்தியின் செவ்வொளி நீலநதியின் அகன்ற மார்பில் குங்குமம் கரைத்தாற்போல் பரவிக் கிடந்த வேளையில், கல்லறைகள் நிறைந்த மேற்குக் கரைக்குப் புறப்படவிருந்த ஓடத்தில் நரிமுகக் கவசத்துக்குள் வியர்த்து வழிய நின்றிருந்தான் கொற்கை வணிகன் எழினி. எகிப்து தேசத்தில் பிணங்களைப் பதப்படுத்தும் பூசாரி, அனுபிஸ் என்னும் நரிமுகத் தெய்வமாக வேடம் புனைவது வழக்கம். ஆனால் அன்பார்ந்த வாசகர்களே, எழினி பூசாரியும் அல்லன். அவன் முன்னிருந்த பேழையில் கிடந்தது பிணமும் அன்று!

யாரோ நஞ்சு கலந்து தந்த கிண்ணத்தைப் பூந்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, மாண்டவள்போல் நடித்த இளவரசி மெரித்தா அவள். பதப்படுத்தும் கூடத்தில், பூசாரியின் துணையோடு எழுபது நாட்கள் ஒளிந்திருந்தவளுக்கும், அக்கூடத்துக்கு மிளகு கொண்டுவந்த எழினிக்கும் நேசம் வளர்ந்தது எப்படி என்று கேட்டால், அது மனம் செய்த வேலை என்பதைத் தவிர வேறென்ன சொல்ல? அக்கரையில் அவள் தந்தையின் பழைய படை காத்திருந்தது. நடுவில் ஒரு நதிதான்.

"நில்லும், பூசாரியாரே!"

துறைக்காவல் தலைவன் சென்பி ஓடத்தில் ஏறினான். பேழையருகே, இறந்தவரின் உள்ளுறுப்புகளை இட்டுவைக்கும் நான்கு சாடிகளை ஐயத்தோடு நோக்கினான்.

"இளவரசியாரின் இதயம் எந்தச் சாடியில் உள்ளது?"

எழினி கவசத்தின் கண்துளை வழியே சாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மந்திரங்களை மனப்பாடம் செய்தவன், இதைக் கேட்டறியவில்லையே! உயர்ந்ததை முதலில் வைப்பதுதானே கொற்கையின் முறை?

"முதற்சாடியில், தலைவரே."

சென்பியின் வாள் உறையிலிருந்து வெளிவந்தது. "அடே போலி! ஈரலையும் குடலையும் சாடியிலிடுவோம். இதயத்தை எவன் எடுப்பான்? மறுமையின் வேந்தன் ஒசிரிஸின் சபையில், சத்தியத்தின் இறகுக்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுக்க வேண்டிய பொருளல்லவா அது? இறகைவிடக் கனத்தால் மறுவாழ்வே இல்லை! பேழையைத் திற!"

பேழைக்குள்ளிருந்து தணிந்த குரல் எழுந்தது.

"என் இதயம் என்னிடமே இருக்கிறது, சென்பி. தராசில் ஏறியதும் அது வாய் திறக்கும். நஞ்சைக் குறித்து என்ன சொல்லட்டும்?"

வாள் ஓடத்தில் விழுந்தது. சென்பி மண்டியிட்டான். "தாயே! கலந்தது நான், கலக்கச் சொன்னவர் உம் சிற்றப்பனார்! என் பெயரை மட்டும் அங்கே சொல்லாதீர்!" என்று கதறியவன், துறையில் குதித்து ஓடியே போனான்.

நடு ஆற்றில் எழினி மூடியைத் திறந்தான். மெரித்தாவின் முகம் வெளிறியிருந்தது.

"நீதி மண்டபத்தில் என் சிற்றப்பனை நிறுத்தாமல் மடியேன், இது ஆணை. ஆனாலும், எழினி, இறந்தவள்போல் பேசித் தெய்வங்களை ஏய்த்துவிட்டேன். என் நெஞ்சு அந்த இறகைவிடக் கனத்துப்போயிருக்கும்."

"என் நெஞ்சையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், தேவி."

"பைத்தியமே, பாரம் கூடுமே!"

"உங்கள் தட்டில் அல்ல," என்றான் எழினி. "இறகு இருக்கும் தட்டில்."