முன்சீட்டு பெல்ட்

இஸ்ரவேலுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. விடியலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். புதுக்கடை, குழித்துறை, கடைசியாகக் கீரிப்பாறை. மூன்று நாள் ஆய்வை ஒரே நாளில் முடித்தால் டீசல் மிச்சம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. டிரைவரின் இடுப்பு எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

மலையிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே ரப்பர் மரங்களுக்கடியில் இருட்டு. புளித்த ரப்பர் பால் நாற்றம் கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே நின்றது. காலையில் முன்சீட்டில் வந்த உதவிப் பொறியாளர் சுமைரா, இப்போது பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தாள்.

"இருட்டுமுன்ன கோட்டாத்துல சேத்துருவியளா அண்ணே? நான் ஊட்டாம ஹிபா தின்னமாட்டா."

"சேத்துரலாம் மேடம். உயிரோடயா வேணும்?"

அவள் சிரித்தாள்.

டிங். டிங். டிங்.

முன்சீட்டு பெல்ட்டின் எச்சரிக்கை. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் மட்டுமே அடிக்கும்.

"எனக்க பேக் அங்க இருக்கா?"

"இல்ல மேடம். சீட்டு காலியாக்கும்."

டாஷ்போர்டில் கிடந்த கொக்கியை எடுத்தான். பெல்ட்டின் நுனி மாதிரியே ஒரு வெறும் இரும்புத் துண்டு. சட்டை கசங்கும் என்கிற அதிகாரிகளுக்காக டிரைவர்கள் வாங்கி வைப்பது. பெல்ட் பூட்டில் செருகினால் வண்டி ஏமாந்து வாயை மூடும். காலையில் சுமைராதான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பெல்ட் மாட்டினாள்.

செருகினான். சத்தம் நின்றது.

போன மழைக்காலத்தில் இதே சீட்டில், இதே கொக்கியை நம்பித்தான் ஓவர்சியர் சிஜின் உட்கார்ந்திருந்தான். பழைய டிரைவர் கண்ணயர்ந்தான், பிழைத்தும் கொண்டான். சிஜின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனான். புது வண்டிக்குக் காசில்லை. நசுங்கியதை நிமிர்த்திப் பெயின்ட் அடித்து மறுபடி ஓட்டுகிறார்கள்.

டக்.

கொக்கி தானாகக் கழன்று கீழே விழுந்தது.

டிங். டிங்.

"அண்ணே," சுமைரா கிசுகிசுத்தாள். "சீட்டு அமுங்கியிருக்கு."

பார்த்தான். ரெக்சினில் ஆள் உட்கார்ந்த குழி. ஈரச் சட்டையின் வாடை. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

"பேசாம இரிங்க மேடம். தெரிஞ்ச ஆளுதான்."

மழையும் மணியும் ஒரே சத்தமாயின. இமைகள் ஒட்டின.

குளிர்ந்த விரல்கள் மணிக்கட்டைப் பிடித்தன.

கண்ணைத் திறந்தான். முன்னால் சாலை இல்லை. வளைவின் ஓரக்கல்லும், அதற்கப்பால் மரங்களின் உச்சியும் மட்டும்.

பிரேக்கை மிதித்தான். வண்டி கல்லில் உரசி நின்றது.

"யா அல்லாஹ்... உறங்கிட்டியளா?"

"உறங்கிட்டேன் மேடம். அவன்தான் எழுப்புனான்."

காலி சீட்டின் பக்கம் திரும்பினான். "மக்கா சிஜினே, இனியாவது பெல்ட்டப் போடுடே."

பட்டை மெதுவாக நீண்டது. இல்லாத ஒரு நெஞ்சைச் சுற்றி இறுகியது.

கிளிக்.

மணி நின்றது. இஸ்ரவேல் வண்டியைப் பின்னுக்கு எடுத்துச் சாலைக்குத் திருப்பினான்.

"இவரு எதுக்கண்ணே இன்னும் வண்டியில வாராரு?"

"இறங்க முடியாதே மேடம். அண்ணைக்கு வந்தது ஆபீஸ் வேலைக்கே இல்லண்ணு எழுதிட்டாவ. அனுமதிக் கடிதம் மறுநாளாக்கும் வந்தது. கணக்குல வராத பயணம் எப்பிடி முடியும்?"

சுமைராவை வீட்டில் இறக்கினான். மகள் ஹிபா வாசலில் நின்றாள். வண்டியை அலுவலகத்தில் விட்டான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது முன்சீட்டு பெல்ட் மாட்டியபடியே இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கழலவில்லை. உள்ளே ஒரு நெஞ்சு மூச்சு விடுவதுபோல் பட்டை ஏறி இறங்கியது.

சிஜினின் மனைவி பிரிஜாவுக்கு அலுவலகம் தர வேண்டிய விபத்து இழப்பீடு இன்னும் தரப்படவில்லை.