நாரைகள் இறங்கிய சுவர்

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மந்தைவெளியில் அந்த அடுக்ககத்தின் முதல் மாடி வீட்டில் பகலிலேயே விளக்கைப் போட்டிருந்தார்கள். போட்டும் என்ன, உள்ளறை இருண்டேதான் கிடந்தது. கட்டிலும் அலமாரியும் கூடத்துக்குப் போய்விட்டதால், அங்கே யார் பேசினாலும் குரல் சுவரில் முட்டி வேறு யாருடையதோ போலத் திரும்பி வந்தது.

அறையின் ஒரு சுவர் முழுவதும் நாரைகள். சாம்பல் நிற நாணலுக்கு மேலே வெள்ளை நாரைகள் நிரை நிரையாகப் பறக்கும் வால்பேப்பர் அது. அந்தச் சுவரில் முதுகை ஒட்டி, இரு கைகளையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தான் முகுந்தன். வயது ஐந்து.

"எழுந்துக்கோடா கண்ணா," என்றார் அப்பா ஸ்ரீரங்கன்.

"மாட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னார்? இந்தச் சுவர்ல பூஞ்சை பிடிச்சிருக்கு, அதான் உனக்கு இழுக்கறதுன்னு சொன்னாரோல்லியோ?"

"இழுத்தா இழுக்கட்டும்."

அப்பா குனிந்து அவனைத் தூக்க முயன்றார். அவ்வளவுதான். முகுந்தன் ஓவென்று அழுதான். அழுகையின் நடுவே அவன் நெஞ்சிலிருந்து சீட்டி போன்ற ஒலி எழுந்தது. அப்பா பதறிப்போய் அவனைக் கீழே விட்டார். அக்கா ஹம்சினி ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்து வந்து அவன் வாயில் வைத்தாள். சீட்டி மெல்ல மெல்ல அடங்கியது.

"நீ சொல்லிப் பாரும்மா. எனக்கு மீட்டிங் இருக்கு," என்று சொல்லிவிட்டு அப்பா பக்கத்து அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நாளாக அவர் எதற்கும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்கிறார். அம்மா இறந்து ஓராண்டு ஆகிவிட்டது. அந்த ஓராண்டும் வீட்டில் பண்டிகை இல்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. போன மாதம் முதலாண்டுத் திதியான வருஷாப்தீகம் நடந்து முடிந்த பிறகுதான் அறையைச் செப்பனிட அவர் சம்மதித்தார். ஆனால் அம்மாவைப் பற்றி அவர் வாய் திறந்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த நாரைகளை ஒட்டியவள் அம்மாதான்.

வாசலில் நின்றிருந்த பெயின்டர் இனாயத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா பாப்பா, தம்பி நகர மாட்டேங்குதே! இன்னிக்கு பேப்பரை உரிச்சாதான் உண்டு. நாளைலேர்ந்து தி.நகர்ல ஒரு கடை வேலை ஒத்துக்கினு கீறேன். அப்பால மழையெல்லாம் போனப்புறம்தான் வருவேன்."

மழைக்காலம் முடியும்வரை இந்த ஈரச் சுவரா? அதுவரை தம்பியின் மூச்சு என்ன ஆகும்?

இனாயத் மறுகோடியில் குந்தி, சுரண்டும் தகட்டைக் காகிதத்தின் ஓரத்தில் செருகிப் பார்த்தார். சர்ரென்று கிழிந்தது. கிழிசல் ஒரு நாரையின் கழுத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. சாம்பல் தூசி கிளம்பியது.

"வேண்டாம்! வேண்டாம்!" என்று அலறினான் முகுந்தன். மறுபடி இருமினான்.

"நிறுத்துங்கோ மாமா!" என்றாள் ஹம்சினி. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் பொங்கியது.

"நீ மட்டும்தான் அம்மாவுக்குப் பொறந்தியா? நான் இல்லையா? நான் என்ன இப்படிப் படுத்தறேனா?"

முகுந்தன் மூக்கை உறிஞ்சினான்.

"உனக்கு நிறைய அம்மா ஞாபகம் இருக்கு," என்றான். "எனக்கு இல்லை. படத்துல இருக்கற அம்மா அசையவே மாட்டேங்கறா. இங்க அம்மா கையால தடவித் தடவி ஒட்டினா. அந்தக் கை அசைஞ்சது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

ஹம்சினிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

தலை பின்னும்போது "ஆடாதேடி" என்று மண்டையில் குட்டிய அம்மா. கோயில் பிராகாரத்தில் வேகவேகமாக நடக்கும் அம்மா. பாதிப் பாட்டில் தும்மிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடும் அம்மா. அவளிடம் எத்தனை அம்மாக்கள்! தம்பியிடம் இருந்ததோ ஒரே ஒரு கை. அதையும் உரித்து எடுக்க ஒரு தகடு வந்து நிற்கிறது.

அவள் தம்பியின் அருகில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். சுவர் நனைந்த துணி போலச் சில்லிட்டது.

இதற்குள் இனாயத் கிழிந்த துண்டைத் திருப்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இது கடைப் பசையே இல்லியே. போஸ்டர் ஒட்டுற மைதா கணக்கா கீது. அதான் பூஞ்சை இப்டி ஏறிக்கினு கீது. பூஞ்சைக்கு மைதான்னா பிரியாணி!"

"ஆமாம் மாமா. அம்மா மைதாவைத்தான் காய்ச்சினா," என்றாள் ஹம்சினி.

"ஏன்?" என்று கேட்டான் முகுந்தன்.

"கடைப் பசையை முகர்ந்து பார்த்தாளா, ஒரே நாத்தம். 'இதுல எந்த மாட்டோட எலும்பு இருக்கோ, பெருமாள் இருக்கற ஆத்துல இதை வெச்சு ஒட்டறதாவது'ன்னு டப்பாவோட தூக்கி மொட்டை மாடியில வெச்சுட்டா. அப்புறம் பெரிய பாத்திரத்துல மைதாவைக் கொட்டிக் கிண்டினா. கிண்டினா, கிண்டினா, கை வலிக்கக் கிண்டினா. எதிராத்து நீரஜா மாமி எட்டிப் பார்த்து, 'என்னடி, அல்வாவா?'ன்னு தட்டோட வந்துட்டா!"

முகுந்தனின் உதடு லேசாக வளைந்தது.

"மாமி சாப்பிட்டாளா?"

"ஒரு வாய் போட்டுண்டு, 'சர்க்கரை பத்தலை'ன்னாளாம்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. ஹம்சினி அவன் முதுகைத் தடவினாள். தடவும்போதே அவளுக்கு அந்தப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. பசை காய்ந்து அடியில் பிடித்துக்கொண்டபோது அம்மா அதைச் சுரண்டவில்லை. வெந்நீர் ஊற்றி ஊற வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பசை தானாகவே தோல் போலக் கழன்று வந்தது.

"மாமா, வெந்நீர்ல துணியை நனைச்சு ஒத்தி வெச்சா, கிழியாம வருமா? தூசியும் பறக்காதே!"

இனாயத் யோசித்தார். "கடைப் பசையா இருந்தா வராது பாப்பா. இது மைதா. வந்தாலும் வரும். ஆனா நேரம் ஆவுமே."

"ஆகட்டும். நாங்களும் ஒத்தறோம்." தம்பியைப் பார்த்தாள். "நீதான் ஒத்தணும். அம்மா தடவின மாதிரியே. யாரும் சுரண்ட மாட்டா. நீ ஒத்தற ஒவ்வொரு தடவையும் நான் ஒரு அம்மா சொல்றேன். அசையற அம்மா."

முகுந்தன் திரும்பி ஒரு நாரையை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு விரித்திருந்த கைகளை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

ஜன்னல்களை அகலத் திறந்தார்கள். இருவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டார்கள். இனாயத் வெந்நீர் வாளியைத் தூக்கி வந்து துணிகளைப் பிழிந்து கொடுத்தார். முகுந்தன் ஜன்னலோரத்தில் நின்று உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒற்றினான். ஹம்சினி சொல்லிக்கொண்டே வந்தாள். குடையை மறந்துவிட்டுப் போய், தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்த அம்மா. பல்லியைக் கண்டு நாற்காலிமேல் ஏறி, இறங்க மறுத்த அம்மா. இனாயத்தும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்.

ஊறிய காகிதத்தை அவர் சுவரின் உச்சியிலிருந்து மெதுவாக உரித்து இறக்கினார். நாரைகள் கிழியாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கின. அப்போதுதான் காகிதத்தின் பின்பக்கம் தெரிந்தது. கன்னங்கரேலென்று, அடுப்புக்கரியை அப்பியதுபோல் பூஞ்சை. ஹம்சினி தம்பியை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவன் அந்தக் கருப்பையே பார்த்தான். "இது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா. உனக்கு இழுக்கறதுன்னு தெரிஞ்சிருந்தா, முதல் ஆளா அவளே உரிச்சிருப்பா."

முகுந்தன் தலையாட்டினான். "அங்கிள், எல்லாத்தையும் எடுத்துடுங்கோ," என்றான்.

"ஒண்ணு வெச்சுக்கிறியா தம்பி? அழகா கீது."

அவன் கொஞ்சம் தயங்கினான். கண் நிறைந்தது. "வேண்டாம். அதுக்குப் பின்னாடியும் கருப்பு இருக்கு."

அப்பா கதவைத் திறந்து வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இனாயத் காகிதத்தைக் கோணிகளில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெறும் சுவர் ஈரமும் திட்டுமாக நின்றது. வெளியே மழை ஓயவில்லை. பிள்ளைகள் இருவரும் அறை வாசலில் ஒட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவர் திகைத்தார்.

"அழலையா?"

"கொஞ்சம் அழுதேன்," என்றான் முகுந்தன். "அப்பா, அக்கா அவகிட்ட இருந்த அம்மாவெல்லாம் சொன்னா. உங்ககிட்ட யாராவது அம்மா இருக்காளா?"

அப்பாவின் கை கதவுப்பிடியிலேயே இருந்தது. அவர் மறுபடி உள்ளே போய்விடுவார் என்றே ஹம்சினி நினைத்தாள். ஆனால் அவர் மெல்ல வந்து, அவர்களுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"மாம்பலம் ஸ்டேஷன்ல ஒரு நாள் ஏகக் கூட்டம். உங்கம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துண்டு ரயில்ல ஏறினா. ஆனா அது என் கை இல்லை. என் சட்டை மாதிரியே சட்டை போட்டுண்டிருந்த வேற யாரோ ஒரு மனுஷரோட கை..."

"ஐயையோ! அந்த மாமா என்ன பண்ணினார்?"

"பாவம், அவர் எங்க பேசறது? கோடம்பாக்கம் வரைக்கும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காம, மளிகை சாமான் மறந்துட்டேள்னு திட்டிண்டே போயிருக்கா!"

ஹம்சினி திறந்திருந்த ஜன்னலைச் சாத்தக்கூட எழவில்லை. அந்த அம்மா அவளுக்கும் புதியவள்.