நான்காம் படியைத் தாண்டுகிறவன்

மாலை மணி அடித்ததும் ஜெசிந்தா காட்சிக்கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டாள். பார்வைக் கூடத்தின் சலசலப்பு அடங்கியது. கண்முன்னே கருங்கோட்டையின் வாசல் திறந்தது.

மழையில் நனைந்த கற்சுவர், சாய்ந்து கிடக்கும் கல்லறைச் சிலுவைகள், தூணுக்குத் தூண் மெழுகுவத்தி. சாட்டையை வீசி மெழுகுவத்தியை உடைத்தால் உள்ளிருந்து ஏதாவது பரிசு விழும். உள்ளே வருகிற ஆட்டக்காரர்கள் முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள். ஜெசிந்தா ஒன்றையும் தொடவில்லை. சாட்டை அவள் இடுப்பில் சுருண்டபடியே கிடந்தது. எதிரே வந்த எலும்புக்கூட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். பெரிய மண்டபத்தைக் கடந்து மாடிப்படியின் அடியில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

மேலே இருட்டில் ஏதோ அசைந்தது. கூன் முதுகு, கந்தல் சட்டை, முழங்கால் உயரம்கூட இராத உருவம். அது துள்ளியது. படி படியாகத் துள்ளி இறங்கி வந்தது. கீழிருந்து ஐந்தாம் படிக்கு வந்ததும் ஒரு கணம் நின்றது. அப்புறம் நான்காம் படியைத் தொடாமல் ஒரே எட்டில் மூன்றாம் படிக்குத் தாவியது. மற்ற இரண்டையும் சாதாரணமாக இறங்கிவிட்டு, உயர எழும்பி, குத்தவைத்திருந்த ஜெசிந்தாவின் தலைக்கு மேலாகத் தாண்டிப் போயிற்று.

"வந்துட்டீங்களா" என்றாள் ஜெசிந்தா. கோட்டைக்குள் பேச்சு போகாது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அது அவள் கணவன் வியான்னி.

பதறாதீர்கள், சொல்கிறேன். கருங்கோட்டை என்ற கணினி ஆட்டத்தில் எத்தனையோ பாகங்கள் வந்து போய்விட்டன. நாயகர்கள் மாறினார்கள். கோட்டையின் பிரபு செத்துச் செத்துப் பிழைத்தார். மாறாமல் எல்லாப் பாகத்திலும் வந்து நின்றது இந்தக் குதிப்பான் ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் தெள்ளு, நாயின் மேல் துள்ளுகிற பூச்சியின் பெயர். மலைபோன்ற அரக்கனை அஞ்சாமல் வெட்டுகிறவர்கள்கூட இந்தத் தெள்ளைக் கண்டால் பல்லைக் கடிப்பார்கள். அடுத்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு உறைசுரம் வந்தது. பிழைத்தவர்களில் ஒரு கூட்டம் கண் இமையைக்கூட அசைக்க முடியாமல், காதும் அடைத்துப்போய், மூச்சுப்பொறியின் தயவில் கிடந்தது. உள்ளே நினைவு இருக்கிறதா என்று பார்க்க மூளைக்குள் நரம்பிழையைச் செலுத்தினார்கள். காட்சி உள்ளே போயிற்று; விருப்பம் வெளியே வந்தது. கையும் காலும் வாயும் உள்ள உடம்பு ஒன்றைத் திரையில் கொடுத்துப் பார்த்தார்கள். அதை ஆட்டுவிக்க அந்த விருப்பம் போதவில்லை. வந்ததெல்லாம் ஒன்றுதான்: எழும்பு. இந்தப் பக்கம் எழும்பு, அந்தப் பக்கம் எழும்பு. அதற்குத் தோதான உடம்பு ஏற்கெனவே ஒன்று இருந்தது. அப்படித்தான் உப்பளத்து ஓரம் கட்டிய உறைவு மனையில் படுத்திருக்கிறவர்கள் எல்லோரும் கருங்கோட்டையில் குதிப்பான்கள் ஆனார்கள். ஆட்டக்காரர்களுக்கும் கொண்டாட்டம். இயந்திரம் ஆட்டுகிற தெள்ளைவிட, உள்ளே ஆள் இருக்கிற தெள்ளை அடிப்பதில் ருசி அதிகமாம்.

சாட்டை பட்டால் வலிக்காது, ஓர் அதிர்வுதான் என்றார்கள். எழுந்து வந்து ஆமாம் என்று சொன்னவர் இதுவரை யாருமில்லை.

அத்தனை குதிப்பான்களுக்கும் ஒரே முகம், ஒரே கூன். அதில் தன் ஆளை எப்படிக் கண்டுபிடித்தாள் என்றால், அந்தப் படியால்தான். துறைமுகக் குடியிருப்பில் அவர்கள் வீட்டு மாடிப்படியில் நான்காவது படி ஒரு வெள்ளத்தில் உடைந்தது. கல்யாணமான புதிதில் வியான்னி, "ஞாயித்துக்கெழமை பூசிருதேன்" என்றான். அந்த ஞாயிறு வரவே இல்லை. காய்கறிப் பையோடும், சண்டை போட்டுக்கொண்டும், சிரித்துக்கொண்டும் இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டியே காலத்தை ஓட்டிவிட்டார்கள். முதன்முதலாகக் கோட்டைக்குள் வந்த அன்று ஜெசிந்தா தன்னையறியாமல் இந்தப் படிக்கட்டிலும் நான்காம் படியை விட்டுத்தான் ஏறினாள். மேலே துள்ளிக்கொண்டிருந்த ஒரு குதிப்பான் சட்டென்று நின்றது. அவளைப் பார்த்தது. பிறகு அதுவும் நான்காம் படியைத் தாண்டிக் காட்டியது.

அன்றிலிருந்து தினமும் இதுதான் அவர்களின் சந்திப்பு. அவள் சாட்டையை எடுக்காமல் குத்தவைப்பாள். அவன் அதே படிகளில் அதே மாதிரி இறங்கித் தலையைத் தாண்டிப் போவான். நேரம் முடியும் வரை திரும்பத் திரும்ப.

கவசத்தைக் கழற்றியபோது பக்கத்து இருக்கையில் மஸ்தான் பாய் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜொகராவும் வியான்னியைப் போல இதே உறைவு மனையின் மாடியில்தான் படுத்திருக்கிறாள்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரரு மத்தியானம் படிக்கட்டடியில நின்ன ஒரு பெரிய ஆட்டக்காரன் மண்டையில ஏறி மிதிச்சிட்டாரு. அவன் குதிச்ச குதியப் பாத்து நா சிரிப்புத் தாங்காம கவசத்தையே கழட்டிட்டேன்."

"பல்லியப் பாத்தா கட்டில்ல ஏறி நிக்கிற மனுசன் அண்ணே அவரு" என்று ஜெசிந்தாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

மதிப்பீட்டாளர் சம்யுக்தன் நல்ல பிள்ளை. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மேசைத் திரையில் வியான்னியின் பெயருக்கு நேரே ஒரு பட்டை சிவப்பாக எரிந்தது.

"உள்ளிருப்புச் சட்டம் உங்களுக்குத் தெரியும் மேடம். முன்கணிப்பான் ஒவ்வொரு குதிப்பையும் முன்கூட்டியே ஊகிக்கும். ஊகம் தப்பிக்கிட்டே இருந்தா, உள்ளே யோசிக்கிற ஆள் இருக்கார்னு அர்த்தம். எப்பவும் சரியா வந்தா, அது வெறும் நரம்புத் துடிப்பு. செத்த தவளையோட கால் மாதிரி. மன்னிச்சுக்கோங்க."

"அவரு நரம்பா? தெனமும் என்னையப் பாக்க வாராரு சார். நான் யாருன்னு தெரிஞ்சு வாராரு."

"ஒரே படிக்கட்டு, ஒரே தாவல், ஒரே இடத்துல ஒரு நிறுத்தம். போன மாசமும் இதேதான். முன்கணிப்பான் ஒண்ணுகூடத் தப்பா சொல்லலை."

"அது எங்க வீட்டுப் படி சார். நாலாவது படி ஒடஞ்சி கெடக்கு. வந்து பாருங்க."

சம்யுக்தன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாக் குடும்பமும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்க மேடம். இது எங்க தாலாட்டுத் தாளம், இது எங்கப்பா வெத்தலை இடிக்கிற கணக்குன்னு. நரம்புக்கும் பழக்கம் இருக்கும். பழக்கத்தை மீறினாத்தான் ஆள். வெள்ளிக்கிழமை கடைசி மதிப்பீடு. அதுக்குள்ள அவர் வேற மாதிரி குதிக்கட்டும், நானே சந்தோசமா பட்டையை மாத்துறேன்."

"இல்லன்னா?"

"மூச்சுப்பொறியை நிறுத்துவாங்க."

வியான்னியைப் பிடித்து உலுக்கிச் சொல்லிவிடலாமென்றால் காது கேட்காது. கோட்டைக்குள் எழுத்தும் போகாது, பேச்சும் போகாது. ஆட்டக்காரர்களின் வசவில் சில குதிப்பான்கள் மனம் வெதும்பித் துள்ளுவதையே நிறுத்தியதால் எல்லா வழியையும் அடைத்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு மிஞ்சியது நடை, உட்காருதல், சாட்டை மட்டுமே.

மறுநாள் அவள் படிக்கட்டுப் பக்கமே போகாமல் மணிக்கூண்டில் போய் நின்றாள். அவன் வரவில்லை. தேடிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினால், ஆளில்லாத படிகளில் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். நான்காம் படியைத் தாண்டித் தாண்டி.

அதற்கு அடுத்த நாள் இன்னொரு யோசனை வந்தது. அவன் பார்க்கவே நான்காம் படியில் காலை ஊன்றி நின்றாள். வேற மாதிரி செய்யுங்க, புரியுதா, வேற மாதிரி. அவன் அசையாமல் பார்த்தான். பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, உச்சிக்கு ஏறிப் போய் முன்னைவிட நிதானமாக இறங்கி வந்து, ஐந்தில் நின்று, மூன்றுக்குத் தாவிக் காட்டினான். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல. ஜெசிந்தா கவசத்துக்குள்ளேயே அழுதாள். கண்ணீர் திரையில் படிந்து கோட்டை முழுக்கக் கலங்கியது.

வியாழக்கிழமை கூடத்துக்கு வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் மஸ்தான் பாய் வந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"ஒனக்காக நா ரெண்டு நாளா அவர அடிச்சிப் பாத்தேன் தங்கச்சி. கோவிச்சுக்காத. பயந்து தெச மாறுவாருன்னு பாத்தேன். அடி வாங்கிட்டு, எந்திரிச்சி, நேரா படிக்கட்டுக்குத்தான் போறாரு. எங்க அடியெல்லாம் அவருக்கு மழை பேயுத மாதிரி."

"ஜொகரா மைனிக்கு மட்டும் எப்படிண்ணே பட்டை எப்பவும் பச்சையிலயே இருக்கு?"

பாய் குழாயைத் திறந்தார். கையை நனைக்காமலே மூடினார்.

"நாந்தான் அடிக்கேன்."

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை.

"தெனமும் அடிக்கேன். மொதல்ல அவளும் ஒன் மாப்பிள்ள மாதிரிதான், என் பக்கத்துலயே சுத்திச் சுத்தி வருவா. பட்டை செவந்து போச்சு. ஒரு நா வெறியில சாட்டைய எடுத்தேன். எங்கிட்டு ஓடணும்னு தெரியாம ஓடுனா பாரு. பட்டை பச்சையாயிட்டு." அவர் துண்டால் வாயை அழுத்தித் துடைத்தார். "இப்ப என் நடையக் கண்டாலே செதறி ஓடுதா. உசுரோட இருக்கா. அவ்வளவுதான். ஊரான் அடிச்சா விதின்னு வாங்கிக்கிடுவாங்க தங்கச்சி. நம்ம அடிச்சாத்தான் தெச தப்பும்."

"அவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்கண்ணே?"

"நெனக்கணும்ல. நெனச்சாத்தான உசுரு."

வெள்ளிக்கிழமை வந்தது. பார்வைக் கூடத்தின் மூலையில் சம்யுக்தன் கையில் திரையோடு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா கவசத்தை மாட்டினாள். மண்டபத்தைக் கடந்தாள். படியின் அடியில் அவள் உட்காரவில்லை. நின்றாள். சாட்டையை இடுப்பிலிருந்து உருவினாள்.

அவன் வந்தான். துள்ளித் துள்ளி, ஐந்தில் நின்று, நான்கைத் தாண்டி, மூன்று, இரண்டு, ஒன்று. அவள் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் வழக்கம்போல எழும்பினான். காற்றில் இருந்தவனைச் சாட்டை பிடித்தது. சின்னதாக ஒரு சுடர் எரிந்து அவன் மறைந்தான்.

செத்த குதிப்பான் கோட்டைக் கோபுரத்தில் மறுபடி எழும். அங்கிருந்து படிக்கட்டுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். வரக்கூடாது என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டாள். வந்தான். கை தவறிப் பட்டிருக்கும் என்று முடிவு கட்டியவன் போல, அதே துள்ளல், அதே நிதானம். ஐந்தில் நின்றான். நான்கைத் தாண்டினான். அவள் மறுபடி அடித்தாள்.

"வராதீங்க" என்று கத்தினாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க வேண்டியவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் முறை அவன் மெல்ல இறங்கினான். ஐந்தாம் படியில் நின்றான். வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றான். அவள் கையிலிருந்த சாட்டையைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான். ஆனால் அது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கொடுக்கிற அதே கல் முகம்தான். அவள் அழுவது அதில் தெரியாது.

பிறகு அவன் நான்காம் படியில் இறங்கினான்.

இத்தனை காலத்தில் முதல்முறையாக அதன்மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றான். இவள் அவளில்லை என்று தீர்மானித்துவிட்டவன் நிற்பது போல நின்றான். ஜெசிந்தா கையை ஓங்கினாள். சாட்டை இறங்குமுன் அவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எகிறினான். தூணில் மோதி, விளக்கில் தொற்றி, எலும்புக்கூட்டின் தோளில் விழுந்து எழும்பி, இப்படி, அப்படி, அவள் கண்ணாலும் பின்தொடர முடியாத திசையெல்லாம் துள்ளி இருட்டுக்குள் போனான்.

யாரோ அவள் கவசத்தைக் கழற்றினார்கள். சம்யுக்தன். அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மேடம், பச்சை! முன்கணிப்பான் தடுமாறிப்போச்சு. உள்ளே ஆள் இருக்கார். வாழ்த்துகள்!"

அவருக்கு நன்றி சொன்னதாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

வாசலில் மஸ்தான் பாய் அவள் செருப்பைத் தேடி எடுத்து முன்னால் வைத்தார். "நாளைக்கு வரணும் தங்கச்சி. விட்டுட்டா மறந்துருவாரு. மறந்தா மறுபடியும் ஒன்னையத் தேடிப் படிக்கு வந்துருவாரு."

"வாரேண்ணே" என்றாள்.

உப்பளத்துக் காற்று முகத்தில் அடிக்க வீட்டுக்கு நடந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. மாடிப்படியில் ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் படியைத் தாண்டக் கால் தானாக எழுந்தது. எழுந்த காலை அவளால் அந்தப் பக்கம் வைக்க முடியவில்லை. மெதுவாக இறக்கிக்கொண்டாள். மூன்றாம் படியிலேயே, உடைந்த சிமெண்டுக்கு முன்னால், தலையைக் குனிந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

அவள் தலைக்கு மேலாக யாரும் தாண்டிப் போகவில்லை.